வட்டவால் மீன்

"அம்மா, ஒரு பொய்க்கு என் கையெழுத்தைக் கேட்கிறார்கள்."

வந்ததும் வராததுமாக இளவழுதி இப்படித்தான் ஆரம்பித்தார். முப்பது வருஷம் கல்வெட்டு படித்து ஓய்வுபெற்றவர். அவர் அம்மா என்று அழைக்கும் குரு செங்கமலம் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதனால் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

"யார் கேட்கிறார்கள்?"

"கோரைமுனை மீனவர்கள். கடற்கரையில் ஒரு கல்தூண் நிற்கிறது. புதுச் சாலைக்காக அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்கள். பாண்டியன் நட்ட தூண் என்று நான் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம்."

"பாண்டியன் நடவில்லையா?"

"படம் அனுப்பியிருக்கிறார்கள். தூணில் மீன் சின்னம். உளி பட்ட இடம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. போன மாதம் வெட்டியதுதான். போலி என்று எழுதி அனுப்பப் போகிறேன்."

"பார்த்துவிட்டு எழுதலாமே."

"அங்கே பார்க்க என்ன இருக்கிறது?"

"கடல் இருக்குமே," என்றார் செங்கமலம்.

மறுநாள் காலை கோரைமுனைக்குப் போனார்கள்.

தூணடியில் சூசைமிக்கேல் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. ஊர் சார்பில் பேச வந்தவர்.

"இந்த மீனை யார் வெட்டியது?" என்று கேட்டார் இளவழுதி.

"பாண்டிய ராசா, சார்."

"எப்போது?"

"அது கெடக்கும், ஆயிரம் வருசம்."

செங்கமலம் குனிந்து பார்த்தார். "இது என்ன மீன்?"

"கலவா, அம்மா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தடித்த உதடு. துருத்திய கீழ்த்தாடை. வட்டமான வால். ராஜமுத்திரை மீனின் வால் பிளந்திருக்கும். அது எந்தக் கடலிலும் நீந்தியதில்லை. இது நேற்றுப் பிடித்ததுபோல இருந்தது.

"ராசாவோட மீன் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா," என்றார் சூசைமிக்கேல், மெதுவாக. "தெரிஞ்சதைத்தான் கொத்துனேன். முன்னால இருக்குற பார்ல கெடக்குற மீனு."

"பார் என்றால்?"

"தண்ணிக்கு அடியில கெடக்குற பாறை."

"எங்களைக் கூட்டிப் போவீர்களா?"

இளவழுதி நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்தார். போலி என்ற ஒரு சொல்லை அதில் ஏற்கெனவே எழுதியிருந்தார்.

வள்ளம் அரைமணி நேரம் போய்த் திரும்பி நின்றது. அவர்களுக்கும் கரைக்கும் நடுவில் நீளமாக வெண்ணுரை.

"இம்புட்டும் பார்தான் சார். ஒரே ஒரு இடத்துலதான் வள்ளம் நொழையும்."

"அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

"தூணும் பின்னால தெரியுற மலை முகடும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கணும். அந்தக் கோட்டப் புடிச்சு வந்தா வீடு."

"வழி காட்ட மிஷின் வந்துவிட்டதே?"

"வாங்குனோம் சார். காத்தும் மழையும் வந்தா எங்களுக்கு முன்னால அதுதான் நனையும்."

செங்கமலம் கையை நீட்டினார். உள்ளங்கையால் தூணை இளவழுதியின் பார்வையிலிருந்து மறைத்தார்.

"கரைக்கு வழி சொல்லுங்கள்."

எங்கு பார்த்தாலும் நுரை. எல்லா இடமும் ஒரே இடமாக இருந்தது.

இளவழுதி அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"சூசை, நிஜத்தில் இதை நட்டது யார்?"

"எங்க ஊரு." சூசைமிக்கேல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க பூட்டன் காலத்துல ஒரே நாள்ல பதினொரு பேரு இந்தப் பார்ல மோதிப் போனாங்க. அழுது முடிச்சு, ஊரே சேந்து நட்டுச்சு."

"இதையே சொல்லியிருக்கலாமே."

"சொன்னோமே. சாலை போட வந்தவங்க சிரிச்சாங்க. ராசா நட்டதுன்னா வாங்க, பாக்கலாம்னாங்க."

இளவழுதி நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எழுதியிருந்த தாளைக் கிழித்தார். அடுத்த தாளில் ஊரின் பெயரை எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"அந்தப் பதினொரு பேரும் யார் யார்?"

சூசைமிக்கேல் எஞ்சினை நிறுத்தினார்.

"எழுதிக்கிடுங்க சார். மொதப் பேரு மரியசிலுவை. எங்க பூட்டன்."