பத்துக்கு அப்புறம்

"மாஸ்டர், நான் இனிமே எழுந்துக்குவனா?"

கேட்டவன் தேசிங்கு. வயது முப்பத்திமூன்று. எடை நூற்றிநாலு கிலோ. துறைமுகத்தில் வேலை, மற்ற நேரத்தில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை.

கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு முனகியது.

மாஸ்டர் பிலோமினா கையில் சுற்றும் பட்டைத் துணிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். காலைப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள்.

அவரும் ஒரு காலத்தில் ரிங்கில் ஏறியவர்தான், நாற்பத்தெட்டு கிலோ பிரிவில். இப்போது புளியந்தோப்பில் ஒரு மாடி ஹாலை வைத்துக்கொண்டு பதினைந்து பேருக்குக் கற்றுத்தருகிறார். தேசிங்கைவிட இரண்டே வயது பெரியவர். எதிரே நின்றால் அவன் மார்புக்குத்தான் வருவார். ஆனால் அவர் ஓடு என்றால் அவன் ஓடுவான், நில் என்றால் நிற்பான். யானை பெரிதாக இருந்தால் அங்குசமும் பெரிதாக இருக்க வேண்டுமா என்ன?

"எங்கேர்ந்து எழுந்துக்கணும்?" என்று கேட்டார்.

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

தெரியாமல் இல்லை. நாற்பது நாளுக்கு முன்னால் மாநிலப் போட்டியின் இறுதிச் சண்டை. எதிரே சேலத்துப் பையன் ஒருவன், வயது இருபத்திரண்டு. இரண்டாவது ரவுண்டில் அவன் இடது கையால் ஒன்று விட்டான். தாடையில் விழுந்தது. தேசிங்கு வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தான். நடுவர் பத்து எண்ணினார். அவ்வளவுதான்.

மறுவாரம் ஹாலுக்கு வந்தபோது யாரும் அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது இந்த ஹாலின் வழக்கம். நாக்-அவுட் ஆகித் திரும்பியவனிடம் அந்தச் சண்டையைப் பேசக் கூடாது. வெயிலைப் பேசலாம். தக்காளி விலையைப் பேசலாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வேண்டாம் என்று மாஸ்டரே வைத்த விதி. நல்ல பிள்ளைகள், விதியை மீறவே இல்லை. நாற்பது நாளும் தேசிங்கிடம் வெயிலைப் பற்றியே பேசினார்கள், மழை கொட்டிய அன்றுகூட.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஸ்கேன் சுத்தமா கீதாம். ஒரு மாசம் ரெஸ்ட்டும் முடிஞ்சிது. இனிமே ஆடலாம்னு எழுதியே குடுத்துட்டாரு."

"அப்புறம் இன்னா?"

"தலை சரியாயிடுச்சு மாஸ்டர். நான்தான் இன்னும் அங்கியே படுத்துனு கீறேன்."

ஃபோனை எடுத்து நீட்டினான். சேலத்துப் பையனின் நண்பன் எடுத்த வீடியோ. குத்து விழுகிறது. தேசிங்கு விழுகிறான். பத்து எண்ணி முடிந்ததும் எடுத்தவன் சந்தோஷத்தில் துள்ளுகிறான், படம் கூரைக்குப் போய்விடுகிறது. கடைசியில் ஒரு ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"இத எத்தினி வாட்டி பார்த்த?"

"எண்ணல மாஸ்டர். எம் பொண்டாட்டி ஃபோனைப் புடுங்கி அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சா. அதையும் தோண்டி எடுத்துப் பார்த்தேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அடுத்த போட்டிக்கு நாளைக்குள்ள பேர் குடுக்கணும்" என்றான் தேசிங்கு. "என்னால முடியும்னா முடியும்னு சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. நிம்மதியா ஊட்டுக்குப் போயிடறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

ஒன்பது வருஷமாக அவரிடம் கற்றவன். முடியாது என்று அவர் சொன்னால் நிஜமாகவே போய்விடுவான். அது இருவருக்கும் தெரியும்.

மாஸ்டர் துணியைக் கீழே வைத்தார். கயிறுகளுக்கு நடுவே குனிந்து ரிங்குக்குள் போனார்.

"இதான் அந்த ரிங்குன்னு வெச்சுக்க. இங்கதான விழுந்த?"

"இல்ல, கொஞ்சம் அவன் கார்னர் பக்கம்."

இரண்டு அடி தள்ளி நின்றார். பிறகு அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர் இது!"

"எண்ணு."

"எழுந்திரிங்க மாஸ்டர். ஒரே தூசு."

"எண்ணுடா."

எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு. ஒன்பது. பத்து.

மாஸ்டர் அசையவில்லை.

"பத்து ஆயிடுச்சு."

"நிறுத்தச் சொன்னனா?"

"பத்துக்கு அப்புறம் இன்னாத்த எண்ணறது? அதோட முடிஞ்சிது."

"நடுவருக்கு முடிஞ்சிது. நீ எண்ணு."

ரிங்கின் பக்கத்தில் நின்று பதினொன்று என்று தேசிங்கு சொன்னதே இல்லை. யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை. அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு."

பதினாலில் மாஸ்டர் தலையைத் திருப்பினார். பதினாறில் ஒருக்களித்து முழங்கையை ஊன்றினார். யாரோ தோளைப் பிடித்து அழுத்துவது போலவும், அதை இவர் விலக்குவது போலவும் கையை அசைத்தார்.

"இது ரிங் டாக்டர்" என்று விளக்கம் சொன்னார். "படுன்றாரு. கேக்கல."

பதினெட்டில் ஒரு முழங்கால். இருபத்தொன்றில் எழுந்து நின்றார். கொஞ்சம் தள்ளாடினார். கயிற்றைப் பிடிக்கவில்லை.

எதிர் மூலைக்கு நடந்தார். அங்கே இல்லாத ஒருவனின் மணிக்கட்டைப் பிடித்து உயரத் தூக்கினார். அவன் தலையைத் தடவிக்கொடுக்க எம்ப வேண்டியிருந்தது. எம்பித் தடவிக்கொடுத்தார். பிறகு திரும்பித் தன் மூலைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆறு அடியோ, ஏழு அடியோ. யாரும் புடிக்கல. நீயா நடந்து வந்த."

"யாரு?"

"நீதான்."

"சும்மா சொல்லாதீங்க மாஸ்டர். என்னைத் தூக்கினுதான் போனாங்க."

"யாரு சொன்னா?"

தேசிங்கு யோசித்துப் பார்த்தான். 

யாருமே சொல்லவில்லை. அவனுக்கு ஞாபகமிருந்தது இரண்டாவது ரவுண்டு பெல் வரைக்கும். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில், பக்கத்தில் அழுத முகத்தோடு மனைவி. நடுவில் காணாமல்போன நேரத்தில் அவனே ஒரு ஸ்ட்ரெச்சரைப் போட்டு, அதில் தன்னைப் படுக்கவைத்து, இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்தான்.

"ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"பேசக் கூடாதுன்னு விதி போட்டது யாரு? நான்தான். புண்ணைக் கிளற வேணாம்னு போட்டேன். நீ எழுந்ததையும் சேர்த்து மூடி வெச்சுட்டோம்."

தெருவில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. 

"இன்னொண்ணும் இருக்குது" என்றார் மாஸ்டர். "மொத ரவுண்டு முடியறப்பவே உங்காலு தள்ளாடிச்சு. நான் பார்த்தேன். டவல் எங்கையிலதான் இருந்துச்சு. உள்ள வீசியிருந்தா சண்டையை நிறுத்தியிருப்பாங்க. வீசல. நம்ம ஹாலுக்கு ஒரு தங்கம் வரும்னு ஆசை. எனக்கு."

தேசிங்கு கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்தான்.

"நாப்பது நாளா உங்கிட்ட வெயிலைப் பத்திப் பேசினேனே, அது உனக்கோசரம் மட்டும் இல்லடா. என்னால அத..."

 இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தச் சின்ன உடம்பு ஸ்டூலில் குலுங்கியது.

கோபம் வரும் என்று தேசிங்கு காத்திருந்தான். வரவில்லை. பாவமாக இருந்தது. தன் மேல் இல்லை, அவர் மேல். எத்தனையோ நாளுக்குப் பிறகு இன்னொருவருக்காக அவன் மனசு வலித்தது.

கயிற்றை விலக்கி உள்ளே போனான். விழுந்த நாளிலிருந்து அவன் ரிங்கில் கால் வைத்ததில்லை. இப்போது வைத்ததையும் அவன் கவனிக்கவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, அவர் தோளில் கையை வைத்தான்.

"அழுவாதீங்க மாஸ்டர். எனக்கு ஒண்ணும் ஆவல."

மாஸ்டர் முகத்திலிருந்து கையை எடுத்தார். மூக்கை உறிஞ்சினார்.

"அன்னிக்கும் கார்னருக்கு நடந்து வந்து, இதையேதான்டா சொன்ன."