நிலைப்படியில் ஈரம்

"வீடு விலை போகமாட்டேங்குது தாயே."

ஆவுடையப்பன் வந்து நின்றதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தாயே என்று கூப்பிட்ட முப்பிடாதியம்மாவுக்கு நாற்பத்தொன்று.

முப்பிடாதியம்மா இருபது வயது வரை சித்தாள் வேலை பார்த்தவர். வெயிலில் சாந்துச் சட்டி சுமந்தவர். ஒருநாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஊருக்கு வெளியே சுண்ணாம்பு சுடுகிற காளவாசல் ஓரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். பைத்தியம் என்று பார்க்க நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது நாற்பது பேர்.

நாலு வருஷத்துக்கு முன் ஆவுடையப்பனும் போய் விழுந்தார். "என்னையும் சேர்த்துக்கிடுங்க. இனி இங்கனதான் கிடப்பேன்."

"வீட்டை வித்துட்டு வாங்க," என்றார் முப்பிடாதியம்மா.

அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை.

"எத்தனை பேர் வந்து பார்த்தாக?" என்று முப்பிடாதியம்மா இப்போது கேட்டார்.

"இருபத்து மூணு பேர். பேப்பர்லகூடப் போட்டேன். பழங்காலத்து ஊர் வீடு விற்பனைக்கு, நவீன வசதிகள் செய்ய வேண்டியதுன்னு."

"யாருக்கும் பிடிக்கலையா?"

"வரும்போது சிரிச்ச முகமாத்தான் வாராக. போகும்போது திரும்பிப் பாக்காம ஓடுதாக. எனக்கும் வயசாகுது தாயே. சேராமலே போய்ச் சேர்ந்துருவேனோன்னு பயமா இருக்கு."

முப்பிடாதியம்மா சேலையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நானே வாங்கிக்கிடுதேன். வாங்க, காட்டுங்க."

"நீங்களா? வீடு வாசல் வேண்டாம்னு உக்காந்தவுக..."

"வாங்க வந்த ஆள்கிட்ட இப்படித்தான் பேசுவீகளா?"

ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் காட்டுகிற மாதிரியே ஆரம்பித்தார்.

"மேல பாருங்க. உத்தரம் பூரா கரையான். தட்டினா பொலபொலன்னு கொட்டும்."

கம்பை எடுத்துத் தட்டியும் காட்டினார். கொட்டியது.

"மாத்திருவோம்," என்றார் முப்பிடாதியம்மா, தலையில் விழுந்த தூளைத் தட்டிக்கொண்டே.

"கரண்டு வயரெல்லாம் அந்தக் காலத்துல மரச்சட்டத்துல அடிச்சது. எந்நேரம் பத்திக்கிடுமோ, தெரியாது."

"புதுசா இழுத்துருவோம்."

"அடுக்களையில மேடை கிடையாது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போகும். கக்கூஸ் புறவாசலைத் தாண்டி நாப்பத்தஞ்சு எட்டு எடுத்து வைக்கணும். மழைன்னா குடை பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும்."

"உள்ளுக்குள்ளயே கட்டி டைல்ஸ் ஒட்டிருவோம்."

கரையானைத் தட்டிக் காட்டி வீடு விற்கிற மகராசனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆவுடையப்பன் அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது, பாவம் என்று ஊரும் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதற்குள் செருப்பைத் தேடியிருப்பார்கள். இந்த ஆள் அசையவில்லை. ஆவுடையப்பனுக்கு வேர்த்தது.

"பாம்பு வரும் தாயே," என்றார் கடைசியாக.

"வரட்டும்."

இரண்டு பேரும் சுற்றிமுடித்து மறுபடி தெருவாசலுக்கே வந்தார்கள். முப்பிடாதியம்மா நிலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வாசல் ரொம்பக் குறுகலு. நிலையைப் பேத்து எறிஞ்சிட்டு, அகலமா ஒரு இரும்புக் கதவு போட்டுருவோம். என்ன சொல்லுதீக?"

ஆவுடையப்பனின் கை நிலையைப் பிடித்துக்கொண்டது.

"அய்யா?"

"அது தேக்கு தாயே," என்றார் ஆவுடையப்பன் மெல்ல. "அது... நல்லாத்தான் இருக்கு."

நாலு வருஷத்தில் அந்த வீட்டைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

முப்பிடாதியம்மா படியில் குந்தி உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுப் பெண்கள் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே நாலு தலைமுறைப் பெண்கள் பூசிய மஞ்சள் விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. மரமே தெரியவில்லை.

முப்பிடாதியம்மா அதைத் தொட்டார். தொட்ட விரலைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா தவறி எத்தனை வருஷம்?"

"வடிவு போயி... வார ஐப்பசி வந்தா பதினொண்ணு."

"பிள்ளைக?"

"எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

"வீட்டு வேலைக்கு யாராவது பொம்பளையாளு வருதா?"

"இல்லை தாயே. நான் ஒத்தையிலதான்."

"மஞ்சள் ஈரமா இருக்கே அய்யா."

ஆவுடையப்பன் திருதிருவென்று முழித்தார். வகுப்பில் எத்தனையோ பேரை இப்படி முழிக்க வைத்தவர் அவர்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமையில்லா... காலையில..." என்றார். "உங்களைப் பாக்க வாரதுக்கு முன்னாடி..."

"நீங்களா?"

"விடியறதுக்குள்ள பூசிருவேன். ஆம்பளை செய்யுத காரியமா இது? தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

முப்பிடாதியம்மா சிரிக்கவில்லை.

"வடிவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. மஞ்சளைக் குழைச்சு வச்சிட்டா. அதுக்குள்ள வண்டி வந்துட்டு. வந்து பூசிக்கிடுதேன்னு சொல்லிட்டு ஏறினா. வரலை. எல்லாம் முடிஞ்சு நான் திரும்பி வாரேன், கிண்ணத்துல அப்படியே இருக்கு. மனசு கேக்கலை. தண்ணி தெளிச்சு நான் பூசினேன். அடுத்த வெள்ளியும் சும்மா இருக்க முடியலை."

"ஒரு வெள்ளிகூட விடலையா?"

"காய்ச்சல்ல கிடந்தப்போ தவந்து வந்தேன்."

"பூசும்போது என்ன நினைச்சுக்கிடுவீக?"

"என்னத்தை நினைக்க? வடிவைக்கூட நினைக்கிறதில்லை. விரல் போகும், மஞ்சள் போகும். அந்த நேரத்துக்கு நான் அங்க இருக்கவே மாட்டேன் தாயே."

என்ன சொன்னோம் என்று ஆவுடையப்பனுக்கே தெரியவில்லை. அவர் பாட்டுக்கு அழுதுகொண்டே போனார்.

"எனக்கு ஆசை விடலை. இப்பத்தான் எனக்கே புரியுது. வந்தவுகளையெல்லாம் நான்தான் விரட்டியிருக்கேன். பேத்துருங்க தாயே. இந்த நிலையை இன்னைக்கே பேத்துருங்க. நானே கடப்பாரை எடுத்துத் தாரேன்."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கையெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றது. காளவாசல் ஓரம் இருபத்தொரு வருஷம் கண்ணை மூடி உட்கார்ந்தவர் அவர்.

மெல்ல எழுந்து தெருவில் இறங்கினார். பட்டப்பகல். தண்ணீர்க் குடத்தோடு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். சைக்கிளில் ஒருவன் போய்க்கொண்டிருந்தான். அவர்கள் பார்க்க, அந்தத் தெருப்புழுதியில் முழங்காலிட்டு, நெற்றி மண்ணில் பட ஆவுடையப்பனை விழுந்து கும்பிட்டார்.

சைக்கிள் நின்றுவிட்டது. குடத்துக்காரி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கிக் கீழே வைத்துவிட்டாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. கை தானாகக் குவிந்துவிட்டது அவளுக்கு.

"ஐயோ தாயே! என்ன காரியம் பண்ணுதீக? எந்திரிங்க, எந்திரிங்க! என் தலையில இடி விழும்!"

முப்பிடாதியம்மா எழ நேரமாயிற்று. எழுந்தபோது நெற்றி பூரா மண். துடைக்கவில்லை.

"வீட்டை வித்துட்டு வாங்கன்னு உங்ககிட்டப் போயிச் சொன்னேனே," என்றார். "என் வாயில மண்ணை அள்ளிப் போட."

"அப்போ என்னைச் சேர்த்துக்கிட மாட்டீகளா?"

நாலு வருஷமாகக் கேட்ட அதே கேள்விதான்.

"மத்த நாளெல்லாம் நீங்க அங்க வாங்க அய்யா," என்றார் முப்பிடாதியம்மா. "வெள்ளிக்கிழமை நான் இங்க வாரேன்."