சேவைக் குழுவின் போர்வை

கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியில் சமூக சேவைக் குழு என்று ஒன்று இருந்தது. அதன் சொத்து ஒரே ஒரு கம்பளிப் போர்வை. ஆண்டு விழாதோறும் சிறப்பு விருந்தினர் அதை ஒரு விடுதிப் பிள்ளைக்கு மேடையில் வழங்குவார். போட்டோ எடுத்ததும் போர்வை பீரோவுக்குத் திரும்பிவிடும்.

அந்த வருஷம் அடைமழை. வாங்கும் முறை எட்டாம் வகுப்பு அமலோற்பவத்துக்கு.

"சிரிச்சிக்கிட்டே வாங்கு. இறங்கினதும் என் கையில கொடுத்துடணும்," என்றார் குழுவை நடத்திய பெலிசிட்டா சிஸ்டர்.

"சரிங்க சிஸ்டர்."

வாங்கினாள், சிரித்தாள், பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள். விருந்தினர் காரேறியதும் சிஸ்டர் விடுதிக்கே வந்து நின்றார்.

"எங்கேடி போர்வை?"

"கடைசி ரூம்ல பவுலின் போர்த்திக்கிட்டிருக்கா சிஸ்டர். அவளுக்கு அம்மை போட்டிருக்கு. உருவிட்டு வந்து உங்க கையிலேயே கொடுக்கட்டுமா?"

நீட்டிய கை சட்டென்று அங்கிக்குள் போனது. "அம்மையா! ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னோம் சிஸ்டர். விழா முடியட்டும்னீங்க."

"அவளே வச்சுக்கட்டும்," என்று சிஸ்டர் நடையைக் கட்டினார்.

பவுலினை எட்டிப் பார்க்கக் குழுவிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. பள்ளி மலரில் மட்டும் வழக்கம்போலப் படம் வந்தது: ‘ஏழை மாணவிக்குப் போர்வை வழங்கப்பட்டது.’

அத்தனை வருஷத்தில் அது பொய்யாக இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான்.