யாரோ ஒருத்தி

முன்பு தூத்துக்குடியில் ஒரு கைப்பிரதி இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கூடவே கொஞ்சம் கர்வம்.

அதை எழுதியவர் பாக்கியசீலி, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நிழலுக்குக் கொட்டகையும் குடிக்கத் தண்ணீரும் கேட்டு உப்பளத்துப் பெண்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து தோற்ற கதை அது. டீச்சரின் அம்மா, காலமாகும்வரை, அந்த உப்பளத்தில் வேலை பார்த்தவர். பதினோரு வருட உழைப்பு. ஆனால் இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன.

மூன்றாவது இடத்துக்கு அனுப்பும் முன் டீச்சர் அதை நூர்ஜஹானிடம் கொண்டுபோனார். நூர்ஜஹான் வயதில் சின்னவர். ஆனால் பல நாவல்களைத் திருத்திச் செம்மையாக்கிக் கொடுத்தவர். அவர் கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருந்தது.

பென்சில் முதல் நாளே இருபது பக்கத்தை அடித்தது.

"என் சூரிய உதயங்களை எல்லாம் கொன்றுவிட்டாயே!" என்று கத்தியது கைப்பிரதி.

"பதினேழு உதயம் இருந்தது. ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன். அதுதான் நன்றாக இருந்தது," என்றது பென்சில்.

கைப்பிரதி முறைத்துக்கொண்டு கிடந்தது. வாரா வாரம் சனிக்கிழமை டீச்சர் வருவார், இருவரும் உட்கார்ந்து வாதாடுவார்கள், பக்கங்கள் குறையும். கைப்பிரதிக்கு வலித்தது. ஆனாலும் மூச்சு முன்பைவிட எளிதாக வந்ததை அதனால் மறுக்க முடியவில்லை.

முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில் பென்சில் நின்றது. எதையும் அடிக்கவில்லை. இரண்டு சொற்களைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டது.

"முப்பத்தெட்டாம் நாள் 'யாரோ ஒருத்தி' முதலில் வேலைக்குத் திரும்பினாள் என்கிறாய். அவளால்தான் போராட்டமே உடைந்தது. யார் அவள்?"

"தெரியாது," என்றது கைப்பிரதி.

"பால்காரருக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறாய். இவளுக்கு இல்லையா?"

கைப்பிரதி அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை நூர்ஜஹான் அதையே கேட்டார். "டீச்சர், இந்த யாரோ ஒருத்தி யாரு?"

டீச்சரின் முகம் மாறியது. "அது முக்கியமில்ல நூர்."

"எனக்கு அதுதான் நாவலாத் தெரியுது டீச்சர்."

"அந்த வேலைநிறுத்தத்துல இருந்த ஆளுங்க எல்லாம் இன்னும் இதே ஊர்லதான் இருக்காங்க. உங்களுக்கு என்ன தெரியும்?" டீச்சர் கைப்பிரதியை வாரி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நூர்ஜஹான் தடுக்கவில்லை. "எப்ப வேணும்னாலும் வாங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் அதை அப்படியே பெரிய உறையில் போட்டு, பதிப்பகத்தின் முகவரி எழுதினார். பசை தடவப் போகும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டீச்சர், இப்படியே அனுப்பினால் நான் மறுபடியும் திரும்பித்தான் வருவேன். எனக்குள்ளே ஒரு பொய் இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு எங்கேயும் போகமாட்டேன்."

டீச்சர் பசையை மூடி வைத்தார். பிறகு உறையைக் கிழித்தார். திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை ஒதுக்கி வைத்தார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு பக்கம். காய்ச்சலில் கிடந்த மகள். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உப்பளத்து வாசலைத் தனியாகத் தாண்டிய தாய். மறுநாள் அவள் பின்னால் போன பதினொரு பேர். அதற்குப் பிறகு சாகும்வரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத தெரு. அந்த மகள் பாக்கியசீலி டீச்சர்தான். கதையில் தாய்க்கு, தன் அம்மாவின் பெயரையே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் எதிரே உட்கார்ந்திருக்க, நூர்ஜஹான் பதினான்கு பக்கத்தையும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். கடைசி வரிக்கு மேல் அது தயங்கி நின்றது. 'அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை' என்று இருந்தது அந்த வரி.

"இதை வாசிப்பவர்கள் சொல்லட்டும்," என்றது பென்சில். "ஆனால் உனக்கு ரொம்ப வலிக்குமே?"

டீச்சர் மெல்லத் தலையாட்டினார். கைப்பிரதி தன் பக்கத்தை நன்றாக விரித்துக் கொடுத்தது.

"வலிக்கும். அடி."