விருந்தாளிக்கு விட்ட கூடம்

“ஒரு இடத்துல மேடு பண்ணினா…” என்று தொடங்கினார் அந்தச் சீனக் கிழவர். மீதி தேவநாதனுக்கு ஞாபகமில்லை.

கிழக்கே ஒரு தீவு நாட்டில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனியில் அவனுக்கு மேஸ்திரியாக இருந்தவர் அந்தக் கிழவர். தான் வேலையை விட்டு நின்ற அன்று, விருந்தில் எழுந்து நின்று பேசினார். பாதி சீனம், பாதி மலாய், ஊறுகாய்போல் கொஞ்சம் இங்கிலீஷ். அதில் இந்த அரை வாக்கியம் மட்டும் தேவநாதனோடு விமானம் ஏறி ஊருக்கு வந்துவிட்டது.

ஊர், புதுச்சேரிக்கு வடக்கே பூவாடைக்குப்பம். ஐம்பதை நெருங்குகிற வயதில், இனிமேல் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று வந்தான். கடல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

தெற்கே தேரடிக்குப்பத்தில் கரையோரம் கல் கொட்டியிருந்தார்கள். அந்த ஊர் பிழைத்தது. தெற்கிலிருந்து வடக்கே ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தக் கல்லோடு நின்றுபோனது. மணல் வராத பூவாடைக்குப்பத்துக் கரையைக் கடல் தின்ன ஆரம்பித்தது. முதலில் படகு ஏற்றும் இடம் போனது. பிறகு தென்னைகள். பிறகு இடுகாடு.

போன வாரம் கரைவலை இழுத்தபோது மீனோடு ஒரு தொடை எலும்பும் வந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. வலையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஊரே இடுகாட்டுப் பக்கம் ஓடியது. கடலோர வரிசையைக் காணோம். அடுத்த வரிசையில் தேவநாதனின் அப்பா இருந்தார்.

இப்போது பூவாடைக்குப்பத்துக்கும் கல் தருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஊர் சம்மதித்தால் போதும். சாயங்காலம் ஊர்க்கூட்டம். கடலில் கல்லும் மண்ணும் கொட்டியே பிழைத்தவன் ஊரில் தேவநாதன் ஒருவன்தான்.

“நீ சொல்றதுதான் பேச்சு தேவா,” என்றார் ஊர்த்தலைவர் கலியமூர்த்தி. “நீ சரின்னா ஊரும் சரி.”

கல் வந்தால் அப்பா பிழைப்பார். வடக்கே வன்னிக்குப்பம் போய்விடும். இது தேவநாதனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ‘தேரடிக்குப்பத்தான் நம்மள நெனச்சுப் பாத்தானா?’ என்பதுதான் எல்லார் வாயிலும். அவன் வாயிலும் அதுதான்.

அந்த வாயோடுதான் காலையில் கொட்டுகிற மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு, லியேன் மதாம் வீட்டுக்குப் போனான்.

மதாம் சைகோனில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புதுச்சேரிக்காரர். அம்மா அந்த ஊர்க்காரி. அம்மா ‘தாவோ’ என்று சொல்லிக் கொடுத்ததை மதாம் ‘வழி’ என்பார். ஊர் திரும்பித் தூக்கமில்லாமல் திரிந்த நாளில் மூச்சுப் பயிற்சிக்கென்று தேவநாதன் அவரிடம் வந்தான். மூச்சு சரியானது. கேள்விகள் சரியாகவில்லை. அதனால் சீடனாகத் தங்கிவிட்டான். சிரித்த முகமுள்ள குருவைத் தேடி வருகிறவர்கள் மதாமை ஒருமுறை பார்த்ததும் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளறையில் உயரமான மேடைமேல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும்.

“கூடத்தை ஏன் மதாம் காலியா வெச்சிருக்கீங்க?” என்று ஒருமுறை கேட்டிருக்கிறான்.

“விருந்தாளி வருவாங்க.”

எந்த விருந்தாளியும் வந்து அவன் பார்த்ததில்லை. துறவு என்று நினைத்துக்கொண்டான். மழையில் அவன் அங்கே முதன்முதலாகப் போனது அன்றைக்குத்தான்.

தெருவில் முழங்கால் தண்ணீர். புதிதாக வீடு கட்டியவர்களெல்லாம் தெருவைவிட உயர்த்திக் கட்டியிருந்தார்கள். போட்ட ரோட்டின்மேலேயே ரோடு போட்டுப் போட்டுத் தெருவும் உயர்ந்திருந்தது. பழைய வீடுகள் பள்ளத்தில் கிடந்தன. எல்லாவற்றிலும் பள்ளம் மதாமின் வீடு. தெருவின் தண்ணீர் முழுக்க அவர் வாசலில் நுழைந்து, காலிக் கூடத்தைக் கடந்து, கொல்லைக் கதவு வழியாக இறங்கி, பின்னால் ஓடும் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மதாம் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தால் தண்ணீரை நெட்டித் தள்ளியபடி திட்டிக்கொண்டிருந்தார்.

“வக்கீல் மூணு படி வெச்சான். டாக்டரு அஞ்சு படி வெச்சான். கோடிவீட்டுக்காரன் கார் ஏத்தறதுக்குச் சறுக்குமரம் கட்டி வெச்சிருக்கான், நாசமாப் போறவன். வாப்பா. செருப்பைக் கையில எடுத்துக்க. விருந்தாளி வந்திருக்காங்க.”

தேவநாதன் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினான். கல், இடுகாடு, வலையில் வந்த எலும்பு, சாயங்காலக் கூட்டம்.

“தேங்கிக் கெடக்கிற மணலை அள்ளி எங்க பக்கம் விடுங்கன்னா, அது வருசா வருசம் செய்ற வேலையாம். கல்லுன்னா ஒரு தடவை கொட்டிட்டு மாலையைப் போட்டுக்கிட்டுப் போயிடலாமாம். கொதிக்குது மதாம்.”

“கொதிக்கட்டும்.”

“உலகம் பூரா இதான். ஒருத்தன் புகை விடறான், எவனோ ஒருத்தன் தீவு முழுகுது. ஒருத்தன் குப்பையைக் கப்பல்ல ஏத்தறான், எவனோ பெத்த புள்ளைங்க அதைப் பொறுக்குது. நாங்க நிலத்தை வளர்க்க வளர்க்க, மண்ணு வந்த ஊர்ல ஆத்தங்கரை சரிஞ்சுக்கிட்டே போச்சு. எல்லாரும்தான் செய்யறான். நான் மட்டும் எதுக்கு யோக்கியனா இருக்கணும்?”

“இதுல கேள்வி எங்க இருக்குது?”

“தள்ளாதே, பிடிக்காதே, போறதைப் போக விடுன்னு சொல்லிக் கொடுத்தீங்களே. கடல் எங்கப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போவுது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? அதுதான் உங்க வழியா?”

மதாம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“காப்பி போடறேன்,” என்று உள்ளே போனார்.

நின்றுகொண்டிருந்த தேவநாதனுக்குக் கை பரபரத்தது. எதிரில் பாதி கட்டி நின்ற வீட்டின் முன்னால் மணல் மூட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தான். மதாம் வாசலில் குறுக்கே போட்டு, இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து, மேலே இன்னொரு வரிசை ஏற்றினான். பழகின கை. தண்ணீர் வந்து மோதி, யோசித்து, நின்றது.

உள்ளறை ஜன்னலில் மதாமின் முகம் தெரிந்தது. பார்த்தார். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடத்தில் இருந்த தண்ணீர் கொல்லைப்பக்கம் வடிந்து தரை தெரிந்தது. காப்பியோடு வந்தவரிடம் தேவநாதன் பெருமையாகச் சொன்னான்.

“பாத்தீங்களா? ஒரு சொட்டு வரல.”

“நல்லாத்தான் கட்டறே,” என்றார் மதாம். தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லை வழியாக எங்கோ போனார்.

காப்பி நன்றாக இருந்தது. பாதி குடித்திருப்பான், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல்.

“ஐயோ, அப்பா! தண்ணி! தண்ணி!”

தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினான்.

அது செலஸ்தீன் என்ற பெண்ணின் வீடு. மதாம் வீட்டுக்கு அடுத்த பள்ளம். கொல்லைக் கதவு கிடையாது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற இடம் இல்லை. அவள் அப்பா அந்துவானுக்குப் பக்கவாதம். கட்டிலில் போட்டால் உருண்டு விழுகிறார் என்று தரையில் பாய் விரித்துப் போட்டிருந்தார்கள். அவன் போனபோது பாய் மிதந்தது. மதாம் அவனுக்கு முன்பே வந்து தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கிழவரின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“மூட்டையை எடு,” என்றார்.

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. ஓடிப்போய் மூட்டைகளை இழுத்து எறிந்தான். தண்ணீர் அவனைத் தள்ளிக்கொண்டு மதாமின் கூடத்துக்குள் பாய்ந்தது. திரும்பி வந்து கிழவரை இரண்டு கையிலும் ஏந்தினான். மதாம் வீட்டுக்குத் தூக்கிப்போய் உள்ளறை மேடையில் படுக்க வைத்தான்.

பின்னாலேயே வந்த செலஸ்தீன் அவன்மேல் பாய்ந்தாள். “யாருய்யா நீ? இந்தத் தெருவுல உனக்கு என்னய்யா வேலை? இத்தனை வருசமா வராத தண்ணி!”

“என்ஜினீரு,” என்றார் மதாம். “வாசல் அடைக்கிற என்ஜினீரு.”



மதாம் அந்துவானின் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். தேவநாதன் பின்னால் போனான். வக்கீல் வீட்டுக் கதவை அவர் கையால் தட்டவில்லை, பாயால் அடித்தார்.

வக்கீல் அருள்தாஸ் வெளியே வந்து மூன்றாம் படியில் நின்றார். கால் நனையவில்லை.

“மதாம், மழை பெய்ஞ்சா நான் இன்னா பண்ணுவேன்? முனிசிபாலிட்டில சொல்லுங்க.”

“பாயைப் பிடி.”

“எதுக்கு?”

“அந்துவான் படுத்திருந்த பாயி. உன் மாடித் தண்ணி. புழி.”

“மதாம், எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். மூணு படிதானே? ஏறக் காலு இருந்துதே, எறங்க இல்லியா?”

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். வக்கீலின் முகம் சிவந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும், “ஐயோ, இவ்வளவா?” என்றார்.

“இவ்வளவுதான்,” என்றார் மதாம். “நடந்து வா, இன்னும் இருக்கு.”

செலஸ்தீன் வீட்டுக்குள் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு முறத்தைக் கையில் கொடுத்தார். பிறகு டாக்டர் வீட்டுக்குப் போனார். அங்கே டாக்டர் வரவில்லை, அவர் மனைவி வந்தாள். கோடிவீட்டுக்காரன் கதவைத் திறக்கவே இல்லை. அவன் கதவுமுன் நின்று மதாம் தமிழிலும் பிரெஞ்சிலும் அம்மாவின் மொழியிலும் திட்டிய திட்டு, மழை ஓய்ந்த பிறகும் கேட்டது.

மதியம் செலஸ்தீனின் வீடு வடிந்தது. ஈரம் சொட்டச் சொட்ட வக்கீல் தன் வீட்டுப் படியருகில் நின்று, ஏறாமல், அந்த மூன்று படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாம் கூடத்துச் சேற்றைக் கழுவ ஆரம்பித்தார். தேவநாதன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு கோவம் வருதே உங்களுக்கு,” என்றான். “சும்மா இருன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“தண்ணிகிட்ட சும்மா இருன்னேன். வக்கீல்கிட்டயும் இருக்கச் சொன்னேனா?”

அவன் இன்னொரு வாளி ஊற்றினான்.

“ஒரு சீனக் கிழவர் மதாம், என்னோட மேஸ்திரி. கடைசி நாள்ல பேசினார். ‘ஒரு இடத்துல மேடு பண்ணினா’ன்னு ஆரம்பிச்சார். மீதி மறந்துபோச்சு.”

“மறந்துதா, காதுலயே விழலியா?”

யோசித்தான். “பாதியிலயே கைதட்டிட்டோம்.”

“எதுக்கு?”

“அன்னிக்குப் புதுசா ஒரு மேடு முடிச்சிருந்தோம்.”

மதாம் துடைப்பத்தால் சேற்றைக் கொல்லை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். தேவநாதன் வாளியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

“நாளைக்கு வன்னிக்குப்பத்தான் வலையில எலும்பு வரும், அது என்னாலன்னு இருக்கும். சரி. கல்லு வேணாம். ஆனா எங்கப்பா?” “எங்கப்பா வலையில வரட்டும்னு விட்டுடணுமா மதாம்?”

உள்ளறை மேடையில் அந்துவான் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். செலஸ்தீன் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மதாம் அந்தப் பக்கம் பார்த்தார்.

“இவரைத் தூக்கிக்கிட்டு வந்தியே. கனமா இருந்தாரா?”

தேவநாதன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான். நமக்குக் கல் வேண்டாம் என்றான். விடிந்ததும் அப்பாவைத் தோண்டி எடுத்து, புது வேட்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு, வன்னிக்குப்பத்தாரையும் அழைத்துக்கொண்டு, தேரடிக்குப்பத்தில் கல் கொட்டச் சொன்ன அலுவலகத்தின் வாசலில் போய் உட்காரப் போவதாகவும், தேங்கி நிற்கும் மணலை வடக்கே விடும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்றும் சொன்னான்.