தோற்றவர் எழுந்திருக்க வேண்டும்

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அவசரப்பட்டுப் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். யார் கை எங்கே இருந்தது என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

திருச்சி உறையூரில் ஒரு மாடி வீடு. அக்கா மங்கை கம்ப்யூட்டரில் விளையாடுவாள், தம்பி சேந்தன் வீடியோ கேம் கன்சோலில். இரண்டுக்கும் இருந்தது ஒரே ஒரு பழைய டிவி. தினமும் அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று அவர்களாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். மாலை ஆறு மணிக்கு இருவரும் கன்சோலில் ஒரு கால்பந்து ஆட்டம் ஆட வேண்டும். தோற்றவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அன்றைய திரை வென்றவருக்கு.

சேந்தன் எப்போதும் நீலச் சட்டை அணி. தோற்றால் மட்டும் எழுந்திருக்கவே மாட்டான்.

"ஸ்கிரீன் லேட்டுக்கா. நான் பட்டனை அமுக்கி அரை நாள் கழிச்சுதான் என் ஆளு உதைக்கிறான். இது செல்லாது" என்பான்.

"சரி, நல்ல மானிட்டரா வாங்கினா?"

"வாங்கு. அதுல தோத்தா மறுபேச்சு இல்லாம எந்திரிச்சிடறேன். சத்தியமா."

மானிட்டர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பைக்கில் கிளம்பியவன்தான். அன்று மாலை அவன் உடல்தான் வீடு வந்து சேர்ந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மாலை ஆறு மணி. மங்கை கம்ப்யூட்டரில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள், மனம் அதில் இல்லை. திடீரென்று அவள் ஆட்டம் மறைந்தது. டிவி தானாகக் கன்சோல் பக்கம் மாறியது. கன்சோலை யாராவது ஆன் செய்தால் டிவி அப்படி மாறுவது வழக்கம்தான். ஆனால் அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தது. நீலச் சட்டைகள் மைதானத்தில் இறங்கி நின்றன.

அவள் ஆடினாள். பயம் இருந்தது, ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தாள். நாற்காலி அசையவில்லை. திரையில் 'மறு ஆட்டம்' என்ற கட்டம் மட்டும் மின்னியது. இது செல்லாது என்னும்போதெல்லாம் சேந்தன் அமுக்குவது அதைத்தான்.

தினமும் இதே கதை. அம்மா தமயந்தி ஆறு மணிக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து அந்த நாற்காலியின் முன்னால் வைக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் உயிர் வந்திருந்தது. ஆனால் நாளாக நாளாக நீல ஆட்டக்காரர்கள் பந்தைத் துரத்துவதை விட்டுவிட்டார்கள். ஒருவன் மட்டும் கோட்டோரம் வந்து, திரைக்கு வெளியே இவர்களைப் பார்த்தபடி ஆட்டம் முடியும்வரை நிற்பான். தம்பி களைத்துவிட்டான் என்று மங்கைக்குப் புரிந்தது.

சேந்தனின் நண்பன் ஜெரோம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். மங்கை அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவும் கூடவே வந்திருந்தாள். அவன் இரண்டு மானிட்டர் பெட்டிகளை எடுத்து வைத்தான்.

"இது கம்ப்யூட்டர்ல பறக்கும்க்கா. நொடிக்கு இருநூத்தி நாப்பது படம். ஆனா கன்சோல மாட்டினா வெறும் அறுபதுதான். அந்த இன்னொண்ணு ரெண்டுக்கும் சமம், நூத்தி இருபது. அமுக்கின உடனே உதைப்பான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "என்னைக் கேட்டா ரெண்டும் வேணாம். வயரைப் பிடுங்கிட்டு கன்சோல என்கிட்ட குடுத்துடுங்க."

அம்மா முதல் பெட்டியின் மேல் கையை வைத்தாள். "இதையே எடு மங்கை. அவன் சாக்கு சொல்லிக்கிட்டே உட்கார்ந்திருக்கட்டும். எம்புள்ள எந்திரிச்சுப் போக வேணாம்."

மங்கை இரண்டாவது பெட்டியை வாங்கினாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் புதுத் திரை தானாக மாறியது. கோட்டோரம் யாரும் நிற்கவில்லை. நீலச் சட்டைகள் பழையபடி பறந்தன. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் பந்து மங்கையிடம் வந்தது, எதிரே கோல்கீப்பர் மட்டும். அவளால் உதைக்க முடியவில்லை. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில்தான் பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் ஓடிவந்து பந்தை எடுத்துக்கொண்டான். நிதானமாகத் திரும்பினான். பந்து நீல அணியின் சொந்த வலைக்குள்ளேயே போய் விழுந்தது.

'மறு ஆட்டம்' மின்னவில்லை. சேந்தனின் கன்ட்ரோலரில் விளக்கு அணைந்தது. பக்கத்து நாற்காலி, உட்கார்ந்தவர் எழும்போது கத்துமே, அப்படி ஒருமுறை கிறீச்சென்றது.

"நீதான் அவனை அனுப்பிட்டே" என்று சொன்ன அம்மா அதற்குப் பிறகு மங்கையோடு பேசவில்லை. முதல் நாளே வயரைப் பிடுங்கியிருக்கலாம் என்று ஜெரோம் இன்றும் சொல்கிறான்.

இப்போது சொல்லுங்கள். பிள்ளையை இருக்கவைக்கப் பார்த்த தமயந்தி, வயரைப் பிடுங்கச் சொன்ன ஜெரோம், இரண்டுக்கும் சமமான திரையை வாங்கிய மங்கை. இதில் யார் செய்தது சரி?

விடை: வயரைப் பிடுங்கினால் ஆட்டம்தான் நிற்கும், தோற்காதவன் எழுந்திருக்க மாட்டான். அம்மாவின் பாசம் அவனைக் கோட்டோரத்திலேயே நிற்கவைத்திருக்கும். மங்கை என்றால் பாதிதான் சரி. அவன் தன் சத்தியத்தைக் காப்பாற்ற ஓர் இடம் அமைத்துக் கொடுத்தாள், ஆனால் கடைசி நிமிடத்தில் அவள் கை முகத்தில் இருந்தது. மீதிப் பாதியைச் செய்தவன் சேந்தன். அக்காவால் முடியாது என்று தெரிந்து, தோற்பதற்காக அவனே அமுக்கினான். அமுக்கிய உடனே ஆட்டக்காரன் உதைத்தான். லேட்டு இல்லை.