காணாக்காசும் மன்னரின் முத்துமாலையும்

முன்னொரு காலத்தில், கண்ணுக்கே தெரியாத காசுக்கு வரி போட்ட மன்னர் ஒருவர் இருந்தார். காணாக்காசு என்று அதற்குப் பெயர். யாரிடம் எத்தனை இருக்கிறது என்பதைச் சந்தை வணிகர் அத்தனை பேரும் மனத்தில் வைத்திருப்பார்கள். ஒருவன் பொய் சொன்னால் நூறு பேர் மறுப்பார்கள். அவ்வளவுதான் காசு!

அந்த வணிகர்கள் ஒவ்வொருவராக ஆற்றைக் கடந்து பக்கத்து நாட்டுக்குப் போவதைக் கேட்டு மன்னர் திடுக்கிட்டார். அரசவை விகடன் உலகனை அழைத்தார்.

“உலகா, நம் சட்டம், அவர்கள் சட்டம் இரண்டில் எது மேல்? நாளை சபையில் ஒப்பிட்டுக் காட்டு.”

பொக்கிஷ அமைச்சர் ஏகம்பருக்கு உலகனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். “மாற்றான் சட்டத்தைப் புகழ்பவன் ராஜத்துரோகி. அவன் தலையை வாங்க வேண்டும், மன்னா” என்றார்.

“ஆம். நம் சட்டத்தைப் புகழ்ந்து எனக்கு முகஸ்துதி பாடினாலும் தலை போகும்” என்றார் மன்னர்.

முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்றால் உலகன் எங்கேதான் போவான், பாவம்!

மறுநாள் தாயக்கட்டையோடு வந்தான். “மன்னா, தாங்கள் என்னோடு காணாக்காசு வைத்து ஆட வேண்டும். அமைச்சர் நம் சட்டப்படி வரி வாங்கட்டும்.”

முதல் ஆட்டத்தில் மன்னர் நூறு காசு வென்றார். “நூற்றுக்கு முப்பது, காசுக்கு ஒரு முத்து” என்று ஏகம்பர் மன்னரின் மாலையிலிருந்து முப்பது முத்துகளை உருவிக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் மன்னர் அந்த நூறையும் தோற்றார்.

“எனக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லையே. முத்துகளைத் திருப்பித் தாரும்.”

“நட்டத்தை நம் சட்டம் பார்ப்பதில்லை, மன்னா” என்றார் ஏகம்பர், பெருமையாக.

மன்னர் மறுபடி வென்றார், மறுபடி தோற்றார். கடைசியில் கழுத்தில் வெறும் நூல்தான் தொங்கியது.

“இனி அவர்கள் சட்டம்” என்று உலகன் மன்னரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினான். “நீர் யார்? முதல் காசு எப்படி வந்தது? உமக்கு ஜாமீன் நிற்பது யார்?” உச்சிவெயில் வரை கேள்விதான். மன்னர் கொதித்தார். உள்ளே வந்து ஆடி நூறு வென்றார். கழுத்தைப் பயத்தோடு பொத்திக்கொண்டார். யாரும் வரி கேட்கவில்லை.

“அடப்பாவி! அங்கே வாசலில்தான் தொல்லை. இங்கே வீட்டுக்குள்ளேயே கொள்ளை! அவர்கள் சட்டமே மேல்!” என்று மன்னர் கத்தினார்.

உலகன் பணிவாகக் கைகட்டினான். “அமைச்சரே, மாற்றான் சட்டத்தைப் புகழ்ந்தவர் இதோ நிற்கிறார். தலையை வாங்குங்கள்.”

ஏகம்பருக்கு முகம் வெளுத்தது. மன்னர் ஒரு கணம் தம் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். இனி நட்டத்தைக் கழித்த பிறகே வரி என்று அன்றைக்கே பறையறைவித்து, ஏகம்பரிடமிருந்த முத்துகளை வாங்கி உலகனின் மேல்துண்டில் கொட்டினார்.